வளைந்த செட்டை, மஞ்சளித்த டெக்கல்: பழைய விமானக் கிட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு பழைய பிளாஸ்ரிக் விமான மொடல் செய்கிற ஆள் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும், சந்தியில் கண்டாலும் கலியாண வீட்டில் கண்டாலும் அதே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் மறுமொழி எழுதி வைக்கிறேன். கிட் என்றால் துண்டு துண்டாகப் பெட்டியில் வந்து நாங்களே ஒட்டிச் செய்கிற மொடல். நான் பெரும்பாலும் 1/72 அளவில்தான் செய்கிறேன், அதாவது உண்மையான விமானத்தில் 72 சென்ரிமீற்றர் மொடலில் 1 சென்ரிமீற்றர். இப்போது மேசையில் கிடப்பது பிரிஸ்டல் போபோர்ட் என்ற இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய விமானம், அதனால் உதாரணமெல்லாம் அதிலிருந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கிட் என்று எதைச் சொல்கிறீர்கள்?

50களில் இருந்து 70கள் வரை வெட்டிய அச்சில் வந்தது எல்லாம் என் கணக்கில் பழையதுதான். பெட்டியில் அடித்திருக்கும் ஆண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம், அச்சு பழையது பெட்டி மட்டும் புதிது என்பது இதில் சாதாரணம். கிட் செய்கிற எயார்ஃபிக்ஸ் கம்பனியின் முதல் விமானக் கிட் ஸ்பிட்ஃபயர், 1953இல் வந்தது. அந்தக் கம்பனி 1981இல் விழுந்து, கைமாறி, 2006இல் மறுபடி சிக்கலில் மாட்டி ஹோர்ன்பியிடம் போய்ச் சேர்ந்தது, ஆனால் பழைய அச்சுகள் பல அந்தக் காலமெல்லாம் வேலை செய்துகொண்டே இருந்தன. ஃபுரொக் என்ற இன்னொரு கம்பனியின் கதை இன்னும் சுவை. 70களில் அது மூடப்பட்டபோது அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய் நோவோ என்ற பெயரில் திரும்பி வந்தது. ஜேர்மன், யப்பான், இத்தாலி விமானங்களின் அச்சுகளை மட்டும் சோவியத்காரர் தொடவில்லை, அவை ரெவெல் கம்பனியிடம் போயின. மட்ச்பொக்ஸ் என்றால் 70களின் பிள்ளை, ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று நிறப் பிளாஸ்ரிக், உடம்பில் கீறியிருக்கும் தகட்டுக் கோடுகளோ இரணைமடு வாய்க்காலைத் திறந்து விடலாம் போல ஆழம்.

ஒரு அச்சைப் பல வருடம் அடித்து அடித்துத் தேய வைத்தால் இரண்டு பாதியும் இறுக மூடாது. இடுக்கால் பிளாஸ்ரிக் கசிந்து ஓரமெல்லாம் பிசிறாக நிற்கும், இடது பாதிக்கும் வலது பாதிக்கும் நடுவில் ஒரு படி விழும். கஷ்டம் என்று நாங்கள் சொல்வதில் பாதி இதுதான்.

இப்போதைய கிட் எல்லாம் அழகாகப் பொருந்துகிறதே, ஏன் இதில் மினக்கெடுகிறீர்கள்?

நியாயமான கேள்வி. போபோர்ட்டையே எயார்ஃபிக்ஸ் 2021இல் புது அச்சில் போட்டுவிட்டது. எனக்குக் கிடைத்தது நோவோ, லண்டனில் இருக்கும் மாமா பழைய சாமான் கடையில் கண்டு வாங்கி வந்தது. அதோடு போபோர்ட் எங்களூர் விமானம் என்று எனக்கு ஒரு எண்ணம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படைக்கு வவுனியாவில் ஓடுதளம் இருந்தது, 22ஆம் ஸ்குவாட்ரனின் போபோர்ட்கள் அங்கே நின்றன, 1944இல் அவர்கள் போஃபைட்டருக்கு மாறும் வரைக்கும். டோபிடோ தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிற விமானம் காட்டுக்கு நடுவில் வவுனியாவில் நின்றது என்று சொன்னால் இங்கே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

மற்றது, புதிய கிட்டில் பெட்டிக்காரன் சொன்னபடி செய்தால் விமானம் வந்துவிடும். பழைய கிட்டில் அவன் தருவது விமானத்தின் சாயல் உள்ள பிளாஸ்ரிக் துண்டுகள், மிச்சம் முழுக்கத் தச்சுவேலை. எனக்கு அந்த மிச்சம்தான் பிடிக்கும். பிடிக்காதவர்கள் புதியதை வாங்குங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

வன்னியில் எங்கே வாங்கலாம்?

வாங்க முடியாது. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் பள்ளிக்கூட விடுமுறைக்கும் வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரரின் பெட்டிதான் எங்கள் கடை. சொக்லேற்றுக்குப் பதிலாக இதைக் கொண்டுவாருங்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். செய்முறைத்தாள் தொலைந்த கிட் மலிவாகக் கிடைக்கும், துணிந்து வாங்கலாம், பழைய தாள்கள் பலவற்றின் பிரதி ஸ்கேல்மேட்ஸ் இணையத்தளத்தில் இருக்கிறது.

என்னென்ன ஆயுதம் வேண்டும்?

பாமசியில் சத்திரசிகிச்சைக் கத்திப் பிடியும் 11ஆம் இலக்க பிளேடும் கேளுங்கள், கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. ஹாட்வெயார் கடையில் 400, 800, 1200 சாண்ட் பேப்பர், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற வகை. நகம் வெட்டி, துணி காயப்போடும் கிளிப், மாஸ்கிங் ரேப். மொடல் ஒட்டும் பசை ஒன்று வெளியில் இருந்துதான் வர வேண்டும், அது பிளாஸ்ரிக்கை உருக்கி ஒன்றாக்கும், வெறுமனே ஒட்டுகிற பசை அல்ல. சுப்பர் குளூ இங்கேயே வாங்கலாம், ஆனால் எங்கள் வெக்கைக்குத் திறந்த ரியூப் ஒரு மாதத்தில் கல்லாகும். மூடி இறுகிய போத்தலில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள், எடுத்தவுடன் திறக்காமல் வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் பிடித்துக் கெட்டுவிடும்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் என்ன செய்வது?

கழுவுங்கள். அச்சில் இருந்து கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை பல வருடம் போனாலும் துண்டுகளில் இருக்கும், அதன்மேல் பெயின்ற் பிடிக்காது. பாத்திரம் கழுவும் திரவமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். கழுவும்போது கிணற்றுக்கட்டில் வைத்துக் கழுவாதீர்கள், ஒரு பேசினுக்குள் வைத்துக் கழுவுங்கள். ஒரு ஹரிகேனின் வால்சில்லு என் வீட்டு வாழைப்பாத்திக்குள் எங்கோ கிடக்கிறது.

அப்புறம் ஒட்டாமலே பொருத்திப் பார்ப்பது. ரேப் போட்டு முழு விமானத்தையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அடிமட்டத்தையும் எடுங்கள்: போபோர்ட்டின் செட்டை அகலம் 17.63 மீற்றர், 72ஆல் பிரித்தால் 245 மில்லிமீற்றர் வர வேண்டும். இப்படி அளந்து பார்த்தால் எந்த இடம் பிழை என்று ஒட்டுவதற்கு முதலே தெரிந்துவிடும், தெரிந்த பிறகு அதைத் திருத்துவதா கண்டும் காணாமல் விடுவதா என்பது உங்கள் மனச்சாட்சி.

செட்டை வாழையிலை மாதிரி வளைந்திருக்கிறது, எறிவதா?

வேண்டாம். கேத்தலில் கொதித்த தண்ணீரைத் தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, ஆவி கொஞ்சம் அடங்கிய பிறகு வளைந்த துண்டை அரை நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். கையில் இளக்கம் தெரியும்போது வளைவுக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாக ஒரு பொட்டுக் கூடுதலாகவே வளைத்துப் பிடித்தபடி பச்சைத்தண்ணீருக்குள் விடுங்கள். ஒரே தடவையில் வராது, மூன்று நான்கு முறை. கொதிக்கக் கொதிக்கப் போட்டால் பொலிஸ்ரைரீன் 100 பாகைக்குக் கிட்டத்தான் இளகும் என்பதால் உருகி ஓடாது, ஆனால் மெல்லிய ஓரங்கள் அலை அலையாகப் போய்விடும்.

இதே காரணத்தால் பார்சலை வான் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு மாங்குளத்தில் இறங்கித் தேத்தண்ணி குடிக்கக்கூடாது. எனக்குப் பட்ட அறிவு.

அண்ணை, செட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் சுண்டுவிரல் நகம் போகிற இடைவெளி. பட்டி போட்டு அடைத்தால் போதாதா?

பட்டி கடைசி மருந்து, தம்பி. அதற்கு முதல் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டும்போது உள்ளே செட்டை வருகிற இடத்தில் ஸ்ப்ரூத் துண்டொன்றை (கிட்டின் துண்டுகளைத் தாங்கி வருகிற பிளாஸ்ரிக் சட்டம்தான் ஸ்ப்ரூ) குறுக்கே முட்டுக்கொடுத்தால் உடம்பு அரை மில்லிமீற்றர் அகலும், இடைவெளி அந்தளவு குறையும். இரண்டு, செட்டையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் முதலில் ஒட்டாமல், மேல்பாதியை மட்டும் உடம்போடு இடைவெளி இல்லாமல் ஒட்டிக் காயவிட்டு, பிறகு கீழ்ப்பாதியைக் கொண்டுவந்து சேர்ப்பது. இடைவெளி கீழே போய்விடும், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள். இதைச் செய்யும்போது செட்டை மேல்நோக்கி நிற்கும் சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு நுனிகளுக்குக் கீழே ஒரே உயரத்துக்கு நெருப்புப்பெட்டிகளை அடுக்கி ஒரு இரவு விடுங்கள்.

மூன்றாவது, பிளாஸ்ரிக்கை பிளாஸ்ரிக்காலேயே அடைப்பது. யோகட் கப்பைத் திருப்பி அடியைப் பாருங்கள், முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அதுவும் பொலிஸ்ரைரீன், மொடல் பசையில் ஒட்டும். 5 இருந்தால் ஒட்டாது, அதில் திருநீறு போட்டு வையுங்கள். மெல்லிய கீலமாக வெட்டி இடைவெளிக்குள் செருகி, பசை விட்டு, இரண்டு நாள் காயவிட்டுச் செதுக்கினால் ஒட்டு இருந்த இடமே தெரியாது. போபோர்ட்டின் வலது செட்டைக்குள் இப்போது ஒரு முழு யோகட் கப்பின் சுவர் இருக்கிறது.

சரி, பட்டி போட்டே ஆகவேண்டும் என்றால் எந்தப் பட்டி?

வாகனத்துக்குப் பூசும் பட்டி கராஜில் கேட்டால் ஒரு கரண்டி தருவார்கள், மெல்லிசாகப் பூசினால் நன்றாக நிற்கும், தடிப்பாகப் பூசினால் சுருங்கி வெடிக்கும், அதிலுள்ள தின்னர் பிளாஸ்ரிக்கையும் கடிக்கும். என் விருப்பம் சுப்பர் குளூவும் அப்பச்சோடாவும். இடுக்கில் அப்பச்சோடாவைத் தூவி ஒரு துளி சுப்பர் குளூ விட்டால் அந்தக் கணமே கல்லாக இறுகும். இறுகி ஒரு மணித்தியாலத்துக்குள் தேய்த்துவிடுங்கள். மறுநாள் வந்து தேய்த்தால் சுற்றியிருக்கும் பிளாஸ்ரிக்தான் தேயும், அது அப்படியே நிற்கும். சின்னக் கீறல்களுக்கு, ஸ்ப்ரூவைப் பொடியாக வெட்டி மொடல் பசைப் போத்தலில் ஊறவிட்டுக் கூழாக்கிப் பூசுவதும் உண்டு.

மேலெழும்பிய கோடுகளையும் தறையாணிகளையும் தேய்த்துவிட்டுப் புதிதாகக் கீற வேண்டுமா?

கீறுகிறவர்கள் கீறட்டும், நான் விட்டுவிடுவேன். தூரத்தில் நின்று பார்க்கிற விமானத்தில் கோடு உள்ளே போயிருந்தால் என்ன வெளியே நின்றால் என்ன. தேய்க்கும்போது அழிந்த இடத்தில் மட்டும் ஊசிநுனியால் கீறி, மற்றக் கோடுகளோடு தொடுத்துவிடுவேன்.

கண்ணாடி விதானம் மஞ்சளாக, கீறலாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கீறலுக்கு 1200க்கு மேற்பட்ட சாண்ட் பேப்பரால் தண்ணீரில் தேய்த்து, பிறகு பற்பசையைப் பருத்தித் துணியில் எடுத்து அரை மணித்தியாலம் தேய்த்தால் திரும்ப ஒளி வரும். கண்ணாடித் துண்டின் பக்கத்தில் சுப்பர் குளூவைக் கொண்டுபோகவே வேண்டாம், அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள்.

உடைந்தே போயிருந்தால் புதிதாகச் செய்வதுதான் வழி. போபோர்ட்டின் முதுகிலுள்ள சுடுகூண்டுக்கு நான் செய்தது இது: தச்சுப்பட்டறையில் கிடந்த முதிரைத் துண்டொன்றை அரத்தால் கூண்டின் வடிவத்துக்கு ராவி, சாண்ட் பேப்பரால் கண்ணாடி போல மினுக்கினேன். முதிரை இறுக்கம், இரண்டு பின்னேரம் போனது, ஆனால் நார் தெரியாமல் மினுக்கம் எடுக்கும். அதைத் தண்ணிப்போத்தலுக்குள் செருகி, போத்தலை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் மெதுவாகச் சுழற்றினால், அந்தப் பிளாஸ்ரிக் மரத்தின்மேல் தோல் போலச் சுருங்கி இறுகும். ஏழு போத்தல் புகை பிடித்தும் ஓட்டை விழுந்தும் போனது, எட்டாவது சரிவந்தது. வெட்டி எடுத்தபோது பெட்டிக்குள் இருந்த துண்டைவிட மெல்லிசாக, தெளிவாக இருந்தது.

மூக்கில் சில்லுள்ள விமானம் வாலில் குந்துகிறது.

மூக்குக்குள் பாரம் வைக்க மறந்துவிட்டீர்கள். வீச்சுவலைக்குக் கட்டும் ஈயம் முல்லைத்தீவுப் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும், அதைத் தட்டி நெளித்து மூக்குக்குள் அடையுங்கள். ஆனால் வெள்ளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஈயமும் அந்தப் பசையும் சேர்ந்து காலப்போக்கில் வெள்ளைப் பொடியாகப் பூத்து ஊதும், ஊதினால் ஒட்டைப் பிளக்கும். என் லைட்னிங் விமானம் ஒன்றின் மூக்கு இரண்டு வருடம் கழித்து அலுமாரிக்குள்ளேயே வாய் பிளந்து நின்றது. எப்பொக்சியோ சுப்பர் குளூவோ போடுங்கள், ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மென்மையான றப்பர் ரயர் உள்ள பழைய கிட்டிலும் இதே மாதிரி ஒரு வில்லங்கம் உண்டு. ரயரிலுள்ள மென்மையாக்கி கசிந்து சில்லைக் கரைத்துவிடும், எங்கள் வெக்கைக்கு இன்னும் வேகம். பெட்டி திறந்த அன்றே ரயரைத் தனிப் பையில் போடுங்கள்.

டெக்கல் (விமானத்தில் ஒட்டுகிற குறிப்படத் தாள்) மஞ்சளாகிவிட்டது, தண்ணீரில் போட்டால் தூளாகிறது.

மஞ்சளுக்கு எங்களிடம் இலவச மருந்து இருக்கிறது, வெயில். தாளைத் தெளிவான பையில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடி ஜன்னல் கண்ணாடியில் படம் வெளியே பார்க்க ஒட்டுங்கள். குளிர்நாட்டுக்காரர் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள், பங்குனி சித்திரையில் எனக்கு நான்கைந்து நாளில் வெளுத்துவிடும்.

தூளாவதற்கு, முதலில் பாவிக்காத ஒரு துண்டைத் தண்ணீரில் விட்டுச் சோதியுங்கள். உடைந்தால் முழுத் தாளுக்கும் மினுங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். அதன்பிறகு தாள் முழுவதும் ஒரே தோலாகிவிடும், ஆகவே ஒவ்வொரு குறியையும் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுக்க வேண்டும். மேடு பள்ளத்தில் படிய மறுத்தால் வினாகிரியில் தண்ணீர் கலந்து தூரிகையால் தொட்டுவிடுங்கள்.

வவுனியா விமானம் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: 1943இல் இந்தப் பக்கத்து பிரித்தானிய விமானங்களின் வட்டக்குறியில் நடுச்சிவப்பை எடுத்துவிட்டார்கள், யப்பானியரின் சிவப்புச் சூரியன் என்று நினைத்துத் தங்கள் ஆட்களே சுட்டுவிடக்கூடாது என்பதற்காக. பெட்டியில் வருகிற சிவப்புப் பொட்டு வட்டம் அந்தக் காலத்துக்குச் சரிவராது.

பெயின்ற்?

ஹம்ப்ரோல் எனாமல் கிடைத்தால் பிரித்தானிய மண்ணிறத்துக்கு 29, கடும் பச்சைக்கு 30, மண்ணெண்ணெயும் தின்னர் வேலை பார்க்கும். கிடைக்காவிட்டால் புத்தகக்கடையில் விற்கும் அக்ரிலிக்கைக் கலந்து எடுங்கள், கலந்த அளவை எழுதி வையுங்கள். கராஜில் அடிக்கும் பெயின்றை வெறும் பிளாஸ்ரிக்கில் ஈரமாக அடித்தால் மேற்பரப்பு முதலைத்தோலாகும். பனி மாதிரி மெல்லிய பூச்சாக, விட்டு விட்டு அடித்தால் தப்பலாம்.

எயார்பிரஷ் இருக்கிறது கொம்பிரசர் இல்லை என்பவர்களுக்கு, பழைய ரக்ரர் ரியூப். சைக்கிள் கடையில் காற்றடித்துக் கொண்டுவந்து, வால்விலிருந்து குழாய் இழுத்தால் ஒரு செட்டை அடிக்கும்வரை சத்தமில்லாமல் காற்று வரும். நான் மூன்று வருடம் இப்படித்தான் அடித்தேன், ரியூப்பை உருட்டிக்கொண்டு போகும்போது ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் இன்றைக்குப் பெயின்ற் என்று.

எந்த மாதத்தில் பெயின்ற் அடிக்கலாம்?

கார்த்திகை மார்கழி மழைக்குள் அடிக்காதீர்கள், காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள் மாட்டி வெள்ளை படரும். சோளகம் வீசும் காலத்தில் புழுதி, விடியக் காற்று எழும்ப முதல் அடித்து ஐஸ்கிரீம் பெட்டியால் மூடிவிடுங்கள். மாசி நல்லது.

யாரோ அலங்கோலமாகப் பெயின்ற் அடித்த பழைய மொடல் கிடைத்தது. திருத்தலாமா?

பிரேக் ஒயிலில் ஒரு நாள் ஊறவிடுங்கள், பழைய எனாமல் தோலாகக் கழரும். கையுறை போடுங்கள், பிறகு சோப்பால் நன்றாகக் கழுவுங்கள். பெற்றோலில் போடாதீர்கள், பிளாஸ்ரிக் வெடிக்கும்.

கிபீர் செய்வீர்களா?

இந்தக் கேள்வியை வெளியூரில் இருப்பவர்கள்தான் கேட்கிறார்கள். இங்கே என் வயதுக்காரருக்கு விமானம் என்றால் முதலில் சத்தம்தான். யுத்தகாலத்தில் குண்டு போட வருகிற விமானப்படை விமானம் அவ்ரோவா, சியாமாசெட்டியா, 1996இல் இருந்து வந்த கிபீரா என்று பங்கருக்குள் இருந்தே சொல்லிவிடுவோம், கிபீர் என்றால் சத்தம் கேட்கும்போது அது தாண்டிப் போயிருக்கும். 1/72இல் அதன் கிட் இருக்கிறது, எனக்கும் ஒருவர் அன்பாகக் கொண்டுவந்து தந்தார். பெட்டியின் படத்தை அம்மா கதவடியில் நின்று பார்த்தா. "உதை வீட்டுக்குள்ள வைக்காதை" என்றா, வேறொன்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரமே கொழும்புக்குப் போகிற ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டேன். போபோர்ட்டைப் பற்றி அம்மாவுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை, சாப்பாட்டு மேசையில் இடம் பிடிக்கிறது என்பதைத் தவிர.

பிள்ளைகளுக்குப் பழக்கலாமா?

பத்து வயதுக்கு மேல், பிளேடு உங்கள் கையில் இருக்கும்வரை. விறாந்தையில் வைத்து ஒட்டுங்கள், அறைக்குள் அந்த ஆவி கூடாது. முதல் கிட்டாகப் பழையதைக் கொடுத்து வெறுக்க வைக்காதீர்கள்.

அன்ரெனாக் கம்பிக்கு என்ன பாவிக்கிறீர்கள்?

ஸ்ப்ரூதான். கறுப்பு ஸ்ப்ரூத் துண்டைக் குப்பிவிளக்குச் சுடரின் பக்கத்தில், சுடர் தொடாமல், உருட்டிக்கொண்டே பிடியுங்கள். நடு மினுங்கித் தொய்யும். அப்போது சுடரைவிட்டு எடுத்து, மனதுக்குள் இரண்டு எண்ணி, இரண்டு கையாலும் இழுங்கள். மெதுவாக இழுத்தால் தடிப்பு, வெடுக்கென்று இழுத்தால் தலைமயிர். பத்து விநாடி இழுத்தபடியே பிடித்திருக்க வேண்டும், உடனே விட்டால் சுருண்டுவிடும். ஒட்டிய பிறகு ஊதுபத்தியின் நெருப்பை ஒரு விரல் தூரத்தில் கொண்டுபோனால் தொய்வு எடுத்துத் தந்தி போல விறைக்கும். கிட்டக் கொண்டுபோனால் அறும், மறுபடி முதலில் இருந்து.

போபோர்ட் முடிந்ததா?

இல்லை. இடது பக்க எஞ்சின் மூடி இன்னும் ஓவலாக இருக்கிறது, வட்டமாக வேண்டும். நாளைக்கு மறுபடி சுடுதண்ணீர்.